பை சுமந்தவருக்குத் தூக்கு, பை கொடுத்தவருக்கு?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



லூக்கா நற்செய்தி 23-ஆம் அதிகாரத்தில் மரண தண்டனை பெற்ற மூவரைப் பார்க்கிறோம். நடுவில் இருப்பவர் குற்றமற்றவர். இருபுறமும் இருப்பவர்கள் குற்றவாளிகள். அவர்களுள் ஒருவர், தமக்குக் கிடைத்த தண்டனை முறையானதுதான் என்று தம் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். இயேசு அவருடைய குற்றத்தை மறுக்கவில்லை. சிறிது என்றும் சொல்லவில்லை. ஆனால், அந்தக் குற்றத்தோடு அந்த மனிதரின் கணக்கை முடித்துவிடவும் இல்லை. கடைசி மூச்சு வரைக்கும் அவருக்கு ஒரு வாசலைத் திறந்து வைக்கிறார். இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று ஒரு கடினமான செய்தியைச் சிந்திப்போம்.

போதைப்பொருள் கடத்தியதற்காக வெளிநாட்டில் ஒருவர் தூக்கிலிடப்பட்டார் என்ற செய்தி அவ்வப்போது நம் காதில் விழுகிறது. சில வேளைகளில் அந்தப் பெயர் தமிழ்ப் பெயராகவும் இருக்கிறது. அப்போது நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு எழும். "பாவம், யார் பெற்ற பிள்ளையோ" என்பது ஒன்று. "எத்தனை பிள்ளைகளைக் கெடுத்திருப்பான், அவனுக்கு இதுதான் சரி" என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது பேச்சை எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். கஞ்சாவுக்கும் மாத்திரைக்கும் ஊசிக்கும் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் அப்படிச் சொன்னால், அவருடைய கண்ணீருக்கு நாம் மதிப்பளிக்க வேண்டும். திருஅவையும் அளிக்கிறது. போதைப்பொருளை இரகசியமாகத் தயாரிப்பதும் விற்பதும் வெட்கக்கேடான செயல்கள், தீமையோடு நேரடியாகக் கைகோர்க்கும் பாவம் என்று கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி ஏடு 2291-ஆம் பத்தியில் போதிக்கிறது. ஆகவே, கடத்தலுக்குப் பரிந்து பேச நாம் இங்கே கூடவில்லை. கேள்வி வேறு. அந்தத் தீமைக்குக் கொலைத் தண்டனை மருந்தாகுமா? அந்தத் தூக்குக் கயிறு உண்மையில் யாருடைய கழுத்தில் விழுகிறது?

சட்டம் எப்படி இயங்குகிறது?

உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் சட்டத்தில் போதைப்பொருள் குற்றங்களுக்கு மரண தண்டனை இன்றும் உண்டு. சீனா, ஈரான், சவுதி அரேபியா, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை அவற்றுள் சில. நம் இந்திய நாட்டிலும், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், ஒருமுறை தண்டனை பெற்ற பின் மீண்டும் பெரிய அளவில் அதே குற்றத்தைச் செய்வோருக்கு மரண தண்டனை விதிக்க இடம் இருக்கிறது. எனவே, இது அயல்நாட்டாரின் பிரச்சினை மட்டும் அன்று.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். நம் மக்கள் பலர் பிழைப்புக்காகச் செல்லும் நாடு அது. தூய ஹெராயின் 15 கிராமைத் தாண்டினால், கஞ்சா 500 கிராமைத் தாண்டினால், கடத்தியவருக்கு அங்கே தூக்கு. ஒருவரது பையில் போதைப்பொருள் இருந்தால், அது அவருடையது, அது என்னவென்று அவருக்குத் தெரியும் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. தெரியாது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு பிடிபட்டவர் தலையில் விழுகிறது. நாம் அறிந்த வழக்கம் குற்றத்தை அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும் என்பது. இங்கே அந்தச் சுமை இடம் மாறுகிறது.

2013-ஆம் ஆண்டு முதல் அந்தச் சட்டத்தில் ஒரு சிறிய தளர்வு வந்தது. பொருளைச் சுமந்து சென்றது மட்டுமே ஒருவரின் பங்கு என்றால், மேலும் கடத்தலை ஒடுக்க அவர் பெரிதும் உதவினார் என்று அரசு வழக்கறிஞர் சான்று கொடுத்தால், நீதிபதி தூக்குக்குப் பதிலாக ஆயுள் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். கேட்பதற்கு இரக்கம் போலத் தோன்றும். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். பெரிய புள்ளிகளின் பெயரும் இடமும் தெரிந்தவருக்குச் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். அவர் பிழைக்க வழி உண்டு. யாரோ கொடுத்த பொட்டலத்தை யாரிடமோ கொடுக்கப் போன கூலிக்கு என்ன தெரியும்? குறைவாகத் தெரிந்தவர்தான் சாவுக்கு மிக அருகில் நிற்கிறார்.

மலேசியாவைச் சேர்ந்த தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கத்தின் வழக்கு உலகம் முழுவதும் பேசப்பட்டது. 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சிங்கப்பூர் எல்லைச் சோதனைச் சாவடியில், தொடையில் கட்டப்பட்ட ஒரு பொட்டலத்தோடு அவர் பிடிபட்டார். அப்போது அவருக்கு வயது 21. பொட்டலத்தில் இருந்த ஹெராயினின் அளவு 42.72 கிராம். அவருடைய நுண்ணறிவு அளவு 69 என்று மருத்துவர்கள் கணித்தார்கள். அறிவு வளர்ச்சி குன்றியவர் என்று சொல்லத்தக்க அளவு அது. தாம் செய்வது என்னவென்று அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதின்மூன்று ஆண்டுகள் சிறையில் கழிந்தன. ஐரோப்பிய ஒன்றியமும் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை வல்லுநர்களும் கேட்டுக்கொண்டார்கள். கடைசி நாளன்று அவருடைய தாயே நீதிமன்றத்தில் நின்று மன்றாடினார். மனு தள்ளுபடியானது. கண்ணாடித் தடுப்பின் இடைவெளி வழியாக அவர் தம் குடும்பத்தாரின் கைகளைப் பிடித்துக்கொண்டார். மறுநாள், 2022 ஏப்ரல் 27 அதிகாலையில், தூக்கிலிடப்பட்டார்.

அந்தப் பொட்டலம் யாருடையது? அதில் வரவிருந்த இலாபம் யாருக்குப் போகவிருந்தது? அவர்கள் எந்தச் சோதனைச் சாவடியிலும் வரிசையில் நிற்பதில்லை. இந்தத் தொழிலில் எல்லையைக் கடப்பவர் கடன்காரர், வேலை தேடுபவர், ஏமாளி, அல்லது போதைக்கு அடிமைப்பட்டு அதற்காகவே சுமப்பவர். ஒருவர் தூக்கிலிடப்பட்டால் அந்த இடத்திற்கு இன்னொரு ஏழையைப் பிடிப்பது கடத்தல்காரருக்குக் கடினமா? தூக்கு அச்சுறுத்தும் என்கிறார்கள். அச்சுறுத்தப்பட வேண்டியவர் அங்கே வருவதே இல்லையே!

ஒரே இரவில் நடந்தவை

அன்பார்ந்தவர்களே, 2015 ஏப்ரல் 29 அன்று நள்ளிரவு கடந்து இந்தோனேசியாவில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அன்று ஒன்பது கைதிகளுக்குத் தண்டனை நிறைவேற இருந்தது. எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒன்பதாவது ஆள், பிலிப்பீன்ஸ் நாட்டைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளின் தாய் மேரி ஜேன் வெலோசோ. வீட்டு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி அழைத்துப் போனவர்கள் கொடுத்த பெட்டியில் 2.6 கிலோ ஹெராயின் இருந்தது, அது தமக்குத் தெரியாது என்று 2010-ஆம் ஆண்டில் பிடிபட்டது முதல் அவர் சொல்லிவந்தார். தண்டனை நிறைவேறவிருந்த வேளையில், அவரை வேலைக்குச் சேர்த்தவர் பிலிப்பீன்ஸ் காவல்துறையிடம் சரணடைந்ததால், கடைசி நேரத்தில் அவருடைய தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த ஆள்சேர்ப்பாளர்கள் பின்னர் வேறு பெண்களை ஏமாற்றிய வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். 2024 டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒரு வாரத்திற்கு முன், மேரி ஜேன் தாய்நாடு திரும்பினார். சில மணி நேரம் பிந்தியிருந்தால் தம் பக்க உண்மையைச் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார். சிறைக்கதவைத் தவறாகப் பூட்டினால் திறந்துவிடலாம். கல்லறையை நம்மால் திறக்க முடியாது.

"சரி சாமி, அவர் ஏமாந்தவர். தெரிந்தே செய்தவர்களுக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே இரவில் சுடப்பட்டவர்களுள் ஆஸ்திரேலியக் குடிமக்கள் இருவர் இருந்தார்கள்: ஆண்ட்ரூ சான், மயூரன் சுகுமாரன். மயூரனின் பெற்றோர் இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். இந்த இருவரும் ஏமாந்தவர்கள் அல்லர். 2005-இல் பாலித் தீவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 8 கிலோவுக்கும் அதிகமான ஹெராயினைக் கொண்டுசெல்ல முயன்ற ஒன்பது பேர் குழுவை வழிநடத்தியவர்கள். ஆனால் சிறையில் கழிந்த பத்து ஆண்டுகளில் அவர்கள் வேறு மனிதர்கள் ஆனார்கள். ஆண்ட்ரூ கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பி, இறையியல் படித்து, சக கைதிகளுக்கு மேய்ப்பர் ஆனார். மயூரன் ஓவியம் கற்று, கைதிகளுக்குச் சிறைக்குள்ளேயே ஓவிய வகுப்பு தொடங்கினார். கண்களைக் கட்ட வேண்டாம் என்று சொல்லி, இறைவனைப் புகழ்ந்து பாடியபடி அவர்கள் இறந்தார்கள் என்று உடனிருந்த ஆன்மிகப் பணியாளர்கள் சொன்னார்கள். தண்டனை நிறைவேறிய அன்று, குற்றம் செய்த அந்தப் பழைய இளைஞர்கள் அங்கே இல்லை. மனம் திரும்பிய இரண்டு மனிதர்களைத்தான் சுட்டார்கள்.

திருஅவையின் போதனை வளர்ந்த விதம்

இங்கேதான் நம் விசுவாசம் பேச வேண்டும். தொடக்க நூலில் முதல் கொலையைச் செய்த காயின்மீது கடவுள் ஓர் அடையாளம் இடுகிறார். எதற்காக? யாரும் அவனைக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காக. தண்டனை உண்டு, அவன் அலைந்து திரிகிறான். ஆனால் அவன் உயிர் கடவுளுடையது. தீயவர் சாவது தமக்கு மகிழ்ச்சி தருவதில்லை, அவர் தம் வழியிலிருந்து திரும்பி வாழ்வதே மகிழ்ச்சி என்று எசேக்கியேல் வழியாக ஆண்டவர் அறிவிக்கிறார். கல்லெறிந்து கொல்லப்படவிருந்த பெண்ணை இயேசு விடுவிக்கும்போது, பாவத்தை நியாயப்படுத்தாமலேயே உயிரைக் காக்கிறார்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புனித அகுஸ்தினாரின் மறைமாவட்டப் பகுதியில் கத்தோலிக்கக் குரு ஒருவரைக் கொன்று, மற்றொருவரை உறுப்புச் சிதைத்தவர்கள் பிடிபட்டார்கள். அவர்களைக் கொல்ல வேண்டாம், திருந்துவதற்கு வாய்ப்பளிக்கும் தண்டனை கொடுங்கள் என்று அகுஸ்தினார் உரோமை அதிகாரி மார்செல்லினுஸுக்குக் கடிதம் எழுதினார். தம் சொந்தக் குருவின் இரத்தத்துக்காக அவர் பழி கேட்கவில்லை.

அதே வேளையில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல நூற்றாண்டுகளாக, நாட்டைக் காக்கும் பொறுப்புள்ள அரசுக்கு மரண தண்டனை விதிக்க உரிமை உண்டு என்று திருஅவை ஏற்றுக்கொண்டிருந்தது. திருத்தந்தையர் ஆட்சி செய்த பகுதிகளிலும் அது நடந்தது. வத்திக்கான் நகர நாட்டின் சட்டத்திலேயே 1929 முதல் 1969 வரை அதற்கு இடம் இருந்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் அதை நீக்கினார். 1995-இல், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 'வாழ்வின் நற்செய்தி' என்ற சுற்றுமடலில், மரண தண்டனைதான் வேறு வழியில்லாத தீர்வு என்ற நிலை இன்று மிக அரிது, இல்லையென்றே சொல்லலாம் என்று போதித்தார். 2018 ஆகஸ்டில், திருத்தந்தை பிரான்சிஸின் ஒப்புதலோடு மறைக்கல்வி ஏட்டின் 2267-ஆம் பத்தி திருத்தப்பட்டது. மரண தண்டனை மனித மாண்புக்கு எதிரான தாக்குதல் என்பதால் ஏற்கத்தக்கதன்று, உலகெங்கும் அதை ஒழிக்கத் திருஅவை உழைக்கும் என்பதே இன்றைய போதனை. 'அனைவரும் உடன்பிறந்தோர்' என்ற சுற்றுமடலிலும் அவர் இதை மீண்டும் உறுதிப்படுத்தினார்.

இந்த வளர்ச்சிக்குக் காரணங்கள் மூன்று. மிகப் பெரிய குற்றம் செய்தவரும் தம் மனித மாண்பை இழப்பதில்லை என்ற தெளிவு ஒன்று. தண்டனையின் நோக்கத்தில் திருந்துதலுக்கும் இடம் உண்டு என்ற புரிதல் மற்றொன்று. உயிரைப் பறிக்காமலேயே சமுதாயத்தைக் காக்கப் போதுமான சிறைகளும் சட்டங்களும் இன்று உள்ளன என்பது மூன்றாவது. குற்றவாளியை விட்டுவிடுங்கள் என்று திருஅவை சொல்லவில்லை. அடைத்து வையுங்கள், தண்டியுங்கள், மக்களைக் காப்பாற்றுங்கள். மனம் திரும்பும் காலத்தை மட்டும் அவரிடமிருந்து பறிக்காதீர்கள் என்கிறது.

உலக நாடுகளின் பார்வையும் மெல்ல மாறி வருகிறது. மரண தண்டனை வைத்துள்ள நாடுகளும் அதை மிகக் கொடிய குற்றங்களுக்கு மட்டுமே விதிக்கலாம் என்று பன்னாட்டு உடன்படிக்கை சொல்கிறது. போதைப்பொருள் குற்றம் அந்த வகையில் சேராது என்று ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைக் குழு விளக்கியுள்ளது. மலேசியா 2023 ஜூலை முதல், நீதிபதிக்கு வேறு வழியே விடாத கட்டாய மரண தண்டனையை நீக்கிவிட்டது. தூக்கு முற்றிலும் ஒழியவில்லை. ஆனால் நீதிபதி இப்போது எதிரில் நிற்கும் மனிதரின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

நம் கரையில்

இது தொலைதூரச் செய்தி என்று நினைப்பவர்கள் தங்கச்சிமடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இராமேசுவரம் தீவின் அந்தக் கடலோர ஊரைச் சேர்ந்த ஐந்து மீனவர்களை 2011-இல் இலங்கைக் கடற்படை பிடித்தது. படகில் ஹெராயின் கடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. மீன்பிடிக்கப் போனவர்கள் என்றது ஊர். 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் அவர்களுக்கு மரண தண்டனை விதித்தது. தீவு முழுவதும் கொதித்தது. அரசுகள் பேசின. நவம்பரில் இலங்கைக் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்க, ஐவரும் வீடு திரும்பினார்கள். அந்த மூன்று வாரங்கள் அந்தக் குடும்பங்கள் எப்படி உண்டு உறங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்காக ஊரே நின்றது, நாடே பேசியது. ஆளில்லாத ஏழைக்கு யார் பேசுவார்?

ஆகவே, நாம் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பயணம் புறப்படும் பிள்ளைகளைக் காப்போம். பெட்டியை நீங்களே அடுக்குங்கள். "அங்கே என் மச்சான் வந்து வாங்கிக்கொள்வார்" என்று யார் பொட்டலம் கொடுத்தாலும், உறவினரே ஆனாலும், திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். கத்தாருக்குத் தேனிலவு போன மும்பைத் தம்பதியர், உறவினர் ஒருவர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தால் பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகே 2021-இல் விடுதலையாகித் திரும்பினார்கள். நம் சமையலறையில் இருக்கும் கசகசா கூட ஐக்கிய அரபு அமீரகம், சவுதி போன்ற நாடுகளில் தடைசெய்யப்பட்ட பொருள். இங்கே மருந்துக்கடையில் வாங்கும் டிராமடால், கோடீன் கலந்த வலி மருந்து, இருமல் மருந்துகளும் அங்கே சிக்கலில் விடும். மருத்துவர் சீட்டு இல்லாமலும், அந்த நாட்டு விதி தெரியாமலும் எடுத்துச் செல்லாதீர்கள். இலவசமாக டிக்கெட் எடுத்துத் தந்து, கூடவே ஒரு பெட்டியும் தருபவர் உங்கள் நண்பர் அல்லர். வேலைக்கு அனுப்புபவர் அரசிடம் பதிவு பெற்ற முகவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒருவேளை யாராவது பிடிபட்டால் உடனே செய்ய வேண்டியதைத் தெரிந்து வைத்திருப்போம். தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தரும்படி கேட்பது கைதியின் உரிமை. 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அதை உறுதி செய்கிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. குடும்பத்தார் வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்காமல், மாவட்ட ஆட்சியர் வழியாகவும் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதாத்' இணையதளம் வழியாகவும் உடனே முறையிட வேண்டும். தொடக்க நாள்களில் கிடைக்கும் நல்ல வழக்கறிஞரே பல நேரங்களில் உயிர் காக்கிறார். எழுதத் தெரியாதவர்களுக்குப் பங்கு அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுப்போம்.

மூன்றாவது, சிறைப்பட்டவரின் குடும்பத்தைத் தள்ளி வைக்காதிருப்போம். அந்த வீட்டுப் பிள்ளையிடம் "உன் அப்பா ஜெயில்லதானே?" என்று கேட்பவர்கள் நம் அன்பியங்களில் இருக்கக் கூடாது. மத்தேயு நற்செய்தி 25-இல் ஆண்டவர், தாம் சிறையில் இருந்தபோது தேடி வந்தவர்களைப் பாராட்டுகிறார். அந்தக் கைதி குற்றமற்றவரா என்று விசாரித்த பிறகு போகச் சொல்லவில்லை. அதுபோலவே, போதைக்கு அடிமையான இளைஞர் உள்ள வீட்டையும் நாம் தேடிப் போக வேண்டும். மருத்துவமும் துணையும் கிடைத்து ஒரு பிள்ளை மீண்டால், கடத்தல்காரருக்கு ஒரு வாடிக்கையாளர் குறைகிறார். சில வேளை ஒரு கூலியும் குறைகிறார்.

இறுதியாகப் புனித மாக்சிமிலியன் கோல்பேயை நினைவுகூர்வோம். 1941 ஜூலை இறுதியில் ஆஷ்விட்ஸ் வதை முகாமில், சாவுக்குக் குறிக்கப்பட்ட ஒரு குடும்பத் தலைவருக்குப் பதிலாகத் தம்மையே கையளித்தவர் அவர். பட்டினிக் கொட்டடியில் இரண்டு வாரம் கிடந்தும் உயிர் பிரியாததால், ஆகஸ்டு 14 அன்று நச்சு ஊசி போட்டு அவரைக் கொன்றார்கள். அவரைத் திருஅவை கைதிகளுக்கும், போதைக்கு அடிமையானோருக்கும், குடும்பங்களுக்கும் பாதுகாவலராகப் போற்றுகிறது. நாம் "இவர்களா, அவர்களா" என்று பிரித்துப் பேசும் மூன்று தரப்பினரையும் ஒரே புனிதரின் கையில் வைத்திருக்கிறது. போதையால் மகனை இழந்த தாயும், தூக்கில் மகனை இழந்த தாயும் அவர் முன் அருகருகே முழந்தாளிடலாம்.

செபிப்போம்: இரக்கமுள்ள தந்தையே, போதையின் பிடியில் சிக்கிய எங்கள் பிள்ளைகளை மீட்டருளும். வறுமையைப் பயன்படுத்தி எளியோரைச் சாவுக்கு அனுப்புகிறவர்களின் மனத்தைத் திருப்பும். அயல்நாட்டுச் சிறைகளில் நாளை எண்ணிக்கொண்டிருப்போருக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் துணையாக இரும். நீதி வழங்குவோருக்கு ஞானமும் ஆட்சி செய்வோருக்கு இரக்கமும் தாரும். குற்றவாளி ஒருவருக்குச் சிலுவையிலிருந்து வான்வீட்டைத் திறந்த உம் திருமகன் எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.